சட்டியைக் காட்டிய இடங்கள்

ஜைனம்பு அக்கா காலமான செய்தி, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதமிருந்த ஆறு தாள்களையும் திருத்தி முடித்தேன். கூட்டலில்கூடப் பிழை இல்லை. பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

ராஜபாளையத்தில் நம் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். நான்கு வகுப்பு தாண்டிக் கேட்கும் அவர் குரல் உங்களுக்கெல்லாம் தெரியும். கடைசி மாதங்களில் அது என்ன ஆயிற்று என்று அவருடைய மகளுக்குக்கூட அப்போது தெரியாது. அதற்கு நானும் ஒரு காரணம்.

நுரையீரலில் கட்டி என்று மதுரையில் சொன்ன அதே வாரம், ஷார்ஜாவிலிருந்து மகள் பர்வீன் தான் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்தது. "தெரிஞ்சா அன்னைக்கே பிளேன் ஏறிருவா. இந்தப் புள்ளையாவது தங்கட்டும்" என்றார் அக்கா. நெட் சரியில்லை என்று வீடியோ கால் பேசுவதை நிறுத்தினார். அதற்குப் பதிலாக, பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய பத்தியச் சமையலைப் படம் பிடித்து அனுப்புவது என்று முடிவானது.

ஞாயிறுதோறும் போவேன். அக்காவின் டேப்லட்டை அரிசி டின்னில் சாய்த்து வைத்து எடுப்போம். ஒரு நிமிடம் பேசினால் இருமல் வந்துவிடும். அதே டேப்லட்டில் விரலால் நகர்த்தி, இருமலை வெட்டி எடுத்துவிடுவேன். ஆனால் வெட்டிய இடத்தில் அவர் தலை ஒரு பக்கமாகத் துள்ளியது. அதற்கும் வழி சொன்னார். "அந்த எடத்துல எல்லாம் சட்டியைக் காட்டு புள்ள. கொதிக்கிற கொழம்பை யாரு சந்தேகப்படுவா?" அன்றிலிருந்து சட்டியைத் தனியாகப் படம் பிடித்து, வெட்டிய இடங்களின் மேல் வைத்து மூடினேன்.

வீடியோவில் அம்மாவைவிட மீன் குழம்புதான் நிறைய வருகிறது என்று பர்வீன் கேலி செய்தாள். "கொழம்பு என்னைய விட அழகுடி" என்று பதில் அனுப்பினார். அந்த ஒரு வரிக்கு நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. கடைசி வீடியோவில் ஏறக்குறைய முழுவதும் சட்டிதான்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா போனார். அந்த நிலையில் பர்வீனால் விமானம் ஏற முடியவில்லை. போன மாதம் குழந்தையோடு வந்தாள். வெட்டாத பதிவுகள் எல்லாம் டேப்லட்டிலேயே இருந்தன. எடுத்து முன்னால் வைத்தேன். மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். பார்த்து முடித்து, "அவிய சொல்ல வேணாம்னு சொன்னாவ, சரி. நீங்க ஏன் டீச்சர் சொல்லல?" என்றாள்.

குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் காரணமாகக் காட்டியிருக்கலாம். டேப்லட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னிடம் வீடியோ எதுவும் இல்லை. இருமல் வருவதற்குச் சற்று முன்னால், உதட்டை மூடி, மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். வெட்ட வேண்டிய இடத்தை அதைக் கேட்டுத்தான் குறிப்பேன். அந்த மூச்சையும் சேர்த்தேதான் வெட்டினேன். இப்போதும் அது எனக்குக் கேட்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.