அந்தரக்கோட்டையில் மூன்று வருஷம்

சுடத் தெரிந்தவனுக்குக் கண் இருந்தால் போதும். நாலு பேர் பார்க்கச் சுடுகிறவனுக்குக் காதும் வாயும் பொறுமையும் சேர்ந்து வேண்டும். தோளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்று யோசனை சொல்லச் சொல்ல வேலை பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் நம்மாள்தான். பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்று வருஷம் எனக்கு அதுதான் பிழைப்பு. தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில், மத்தியானம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை, ஒரு வீடியோ கேமை நேரலையில் விளையாடிக் காட்டுவேன். எதிர்காலத்தில் நடக்கிற கதை. வானத்தில் மிதக்கும் ஒரு நகரத்தில் அறுபது பேர் குதிப்பார்கள். ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிற ஒருவனுக்கு வெற்றி. அவன் பெயர் நகர வாசலில் அடுத்த ஆட்டம் வரை ஒளிரும். விளையாட்டுக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் அந்தரக்கோட்டை.

இதில் விசேஷம், பார்க்கிறவர்களுக்கும் ஓட்டு உண்டு. நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி திறந்து இரண்டு காரியங்களைக் காட்டும். எதற்கு ஓட்டு அதிகமோ அது ஆட்டத்தில் நடந்துவிடும். என் ஆசை ஒன்றே ஒன்றுதான்: ஒரே ஒரு தடவை அந்த வாசலில் என் பெயர் ஒளிர வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றவர்கள் எதிரிகள் இல்லை, என்னைப் பார்க்க வந்தவர்கள்.

ஊர் தெரிந்த நாள்

தொடங்கிய புதிதில், பெரிய ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசவேண்டும் என்று ஒரு நினைப்பு. பாதி இங்கிலீஷ், மீதி சென்னை. "ஹாய் மக்களே, செம்ம மேட்ச்" என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு பேர் பார்ப்பார்கள். ஓட்டும் போடமாட்டார்கள், ஒரு வார்த்தையும் எழுதமாட்டார்கள். எனக்கே என் குரல் கேட்டு அலுத்துவிட்டது.

ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து ஒருவன் சுட்டுவிட்டான். பதற்றத்தில் போட்டிருந்த வேஷம் கலைந்துபோய், "ஏலே, அங்கன ஒருத்தன் நிக்கான்லே! எவனாவது சொன்னியளாலே?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு வெட்கமாகப் போயிற்று. ஒரு நிமிஷம் கழித்து முதல் கருத்து வந்தது: "அண்ணாச்சி, நீங்க நம்மூரா? வேற யாரோன்னு நெனச்சுல்லா இத்தன நாளா பேசாம இருந்தோம்."

மருந்துப் பெட்டி

அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது. வந்தவர்களில் பாளையங்கோட்டை பிரிஸ்கில்லா டீச்சர் முக்கியமானவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவர். முகம் பார்த்ததில்லை, எழுத்துத்தான் பழக்கம். எங்கள் நேரலையில் முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிற ஒரே ஆள். கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களை அடக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தேன். அவர் யாரையும் விரட்டமாட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார். எழுதினார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒருநாள் கடைசி நாலு பேரில் நான் ஒருவன். எதிரே ஒருவன் குண்டடிபட்டு, சுவருக்குப் பின்னால் தவழ்ந்து கொண்டிருந்தான். இன்னும் ஒரு குண்டு போதும். அந்த நேரம் பார்த்துப் பெட்டி திறந்தது. மருந்து யாருக்கு, உங்கள் ஆளுக்கா, எதிராளிக்கா? நான் கவலையே படவில்லை. ஓட்டு முடிந்தது. மருந்து அவனுக்குப் போயிற்று. எழுந்தான், என்னைச் சுட்டான், போய்விட்டான். "யாருலே அவனுக்குப் போட்டது?" என்று தொண்டை கிழியக் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் பதில் வந்தது: "விழுந்து கெடக்கவன அடிச்சு ஜெயிக்கது நமக்கு எதுக்கு அண்ணாச்சி? எந்திரிச்சு வரட்டும், அப்புறம் அடியுங்க."

சொதி ஆறின கதை

ஒரு மத்தியானம், வீட்டில் தேங்காய்ப்பால் சொதி வைத்த அன்றைக்கு, சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து அம்மா, "சொதி ஆறுது, வாரியா, பூனைக்கு ஊத்தவா?" என்று கூப்பிட்டது நேரலையில் அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. உடனே எல்லாரும் சேர்ந்து என்னை எழுப்பிவிட்டார்கள். என் ஆளை ஒரு கூரைமேல் நிறுத்திவிட்டுக் கீழே போனேன். பெட்டி திறக்கும்போதெல்லாம் அவர்கள் 'எடையைக் குறை' என்றே குத்தியிருக்கிறார்கள். என் ஆள் பஞ்சு மாதிரி மேலே மிதந்துகொண்டே இருந்திருக்கிறான். கைகழுவி வந்து பார்த்தால் ஒன்பதாவது இடம். நான் கண்விழித்து விளையாடியே பல நாள் வாங்காத இடம். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் எழுதினார்: "நீங்க இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிடுங்க அண்ணாச்சி. இங்கன நாங்க பாத்துக்கிடுதோம்."

காற்றடித்தால் வருகிறவர்

உவரி ஜெரால்டு அண்ணன் படகு வைத்திருக்கிறவர். கடலுக்குப் போகமுடியாத நாட்களில் மட்டும் வருவார். அவர் பெயரைத் திரையில் பார்த்தாலே அங்கே காற்று பலமென்று தெரிந்துவிடும். மறுநாள் சந்தையில் நல்ல மீன் கிடைக்காது என்று அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். அந்தரக்கோட்டையில் நாலாபக்கமும் விஷப்புகை சூழ்ந்து வரும். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒருதடவை மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. வருகிறவர்களெல்லாம் அவரைத்தான் விசாரித்தார்கள். டீச்சர் தினமும் 'ஜெரால்டு வந்தாரா?' என்று வருகைப்பதிவு எடுத்தார். எனக்கு விளையாட்டே ஓடவில்லை. இருபத்திரண்டாம் நாள் ஒரு மழைக்காற்றில் அவர் பெயர் தெரிந்ததும், நான் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு எங்கே போயிருந்தீர்கள் என்று சண்டைபோட்டேன். அவர் எழுதினார்: "மீன் நல்லா பட்டுது தம்பி. நான் வரலைன்னா நல்லாருக்கேன்னு நெனச்சுக்கிடுங்க. வந்தாத்தான் கவலப்படணும்."

தசரா வேஷம்

குலசேகரன்பட்டினம் தசரா வந்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். காளி, குறவன், போலீஸ் என்று நேர்ந்துகொண்ட வேஷத்தைக் கட்டி, வீடுவீடாகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். ஒரு வருஷம் என் ஆளுக்கும் வேஷம் கட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சிவப்புக் கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம் எல்லாம் மாட்டினேன். மாட்டியதும் புதுச் சட்டம் போட்டார்கள்: விரதக்காரன் உயிரைக் கொல்லக்கூடாது. பத்து நாள் நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

விளையாட்டில் கையை நீட்டுகிற சைகை ஒன்று உண்டு. அதைக் காட்டிக்கொண்டு ஒவ்வொருவன் முன்னாலும் போய் நின்றேன். எந்த நாட்டுக்காரனோ, ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு குண்டுப்பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டுப் போனான்! கருத்துப்பெட்டியில் குலவைச் சத்தம்தான். இப்படியே நடந்து மூன்றாவது இடம் வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு பாவி, நீட்டிய கையைப் பார்த்தும் சுட்டுவிட்டான். டீச்சர் எழுதினார்: "வேடமணிந்தவரைச் சுட்டது யார்? பெயரைக் குறித்துக்கொண்டேன்."

கடைசி ஓட்டு

போன வருஷம் கம்பெனிக்காரர்கள் அறிவித்தார்கள்: விளையாட்டை நிறுத்துகிறோம், வியாழக்கிழமை நாலு மணியோடு சரி. அன்றைக்கும் நான் ஒரு வெற்றிகூடப் பெறாதவன். அந்த வியாழக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். ஜெரால்டு அண்ணன் பெயரும் இருந்தது. "காத்து இல்லையே அண்ணே, கடலுக்குப் போகலியா?" என்று கேட்டேன். "கடல் நாளைக்கும் இருக்கும்லா" என்றார்.

கடைசி ஆட்டம். அன்று என் கை எப்படியோ நன்றாக ஓடியது. அறுபது பேர் பத்தாகி, ஐந்தாகி, இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். கோட்டைக் கோபுரங்களுக்கிடையில் அவன் எங்கேயோ ஒளிந்திருந்தான். பெட்டி திறந்தது. ஒன்று: எதிராளி இருக்குமிடத்தைக் காட்டு. இரண்டு: ஆட்ட நேரத்தை ஐந்து நிமிஷம் நீட்டு. காட்டினால் முடிந்தது, வாசலில் என் பெயர். "மக்களே, இன்னைக்காவது..." என்று கெஞ்சியே விட்டேன். ஓட்டு முடிந்தது. நேரம் நீண்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யாரும் சுடுவதைப் பற்றிப் பேசவில்லை. "அந்தப் பாலத்துக்கு ஒருக்கா போங்க அண்ணாச்சி" என்றார் ஒருவர். "சொதி குடிக்கப் போனியள்லா, அந்தக் கூரைக்கு" என்றார் இன்னொருவர். கோபத்தோடேதான் நடந்தேன். பைய நடக்கச் சொன்னார்கள். பாலம், கூரை, மருந்து கொடுத்த சுவர், கை நீட்டி நின்ற தெரு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனேன். நடக்க நடக்கக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கிருந்தோ அவன் சுட்டான். இரண்டாவது இடம். பிறகு கோட்டை அணைந்து திரை கறுப்பாயிற்று. கருத்துப்பெட்டி மட்டும் ஓரத்தில் திறந்திருந்தது. "ஏன் இப்படிச் செஞ்சிய?" என்று கேட்டேன். டீச்சர், முதல்முறையாகப் பேச்சுத் தமிழில், முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதினார்: "காட்டுன்னு குத்தினா நீங்க ஜெயிச்சு அந்த நிமிசமே முடிஞ்சிருமே தம்பி, அப்புறம் நாங்க எங்க போவோம்"

இப்போது ஓர் அலுவலகத்தில், பின்னால் நின்று யோசனை சொல்ல ஓர் ஆளில்லாத நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, ஒரு தடவைகூடத் தனியாகச் செத்ததுமில்லை.