காயாத பூ

என் படுக்கைக்கு நேர் மேலே, பலகைக் கூரையில், மழைநீர் ஊறிப் பழுப்பேறிய கறை ஒன்று இருந்தது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் வழியில் லோரி மோதி, இரண்டு கால்களும் செயலிழந்து புக்கிட் ரோத்தானில் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு, பகல் முழுக்க நான் பார்த்தது அதைத்தான். அண்ணன் வாங்கி வந்த சக்கர நாற்காலியில் துணிகள் குவிந்து கிடந்தன. பார்க்க வந்தவர்கள் என் கால்களைப் பார்த்து அழுதார்கள். அதனால் யார் வந்தாலும் நான் தூங்குவதாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்றிருந்தேன்.

அண்ணனும் அண்ணியும் வீடுகளுக்குப் பிளாஸ்டர் சீலிங் செய்துகொடுப்பவர்கள். பின்கட்டுக் கொட்டகையில் அண்ணி பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சுகளில் ஊற்றி, பூக்களும் கொடிகளுமாக வார்ப்பார். ஒருநாள் வெள்ளை படிந்த கைகளோடு வந்து, என் பக்கத்தில் மல்லாந்து படுத்தார்.

“இதையா நாள் முழுக்கப் பாத்துக்கிட்டுக் கெடக்குற?” என்றார். கொஞ்ச நேரம் அவரும் பார்த்தார். “ஒரு பூ வச்சிரலாம்லா.”

சீலிங் பூவை அறையின் நடுவில் வைப்பதுதான் வழக்கம். அண்ணி என் தலையணைக்கு மேலே குறி போட்டார். “கோணலா இருக்குமே,” என்றார் அண்ணன்.

“நடுவுல யாரு படுத்திருக்கா?” என்று கேட்டார் அண்ணி.

தூசி கண்ணில் விழும் என்று சொல்லி, என் மறுப்பைக் காதில் வாங்காமல், நாற்காலியில் உட்காரவைத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இரவில் ஹாலில் படுக்கை. காலையில் மறுபடி கொட்டகை. “எப்ப உள்ள போகலாம் அண்ணி?” என்று தினமும் கேட்பேன். அவர் போய், ஒட்டிய பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். “இன்னும் ஈரம்மா. பொறு.”

சும்மா இருக்க முடியாமல், வார்ப்புகளின் ஓரங்களைத் தேய்த்துக்கொடுத்தேன். பிறகு மாவு கரைத்தேன். இறுகும்போது மாவு சூடாகும். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது நன்றாக இருந்தது. ஒருநாள் சபாக்கிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். என் கால்களைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வார்ப்பைக் காட்டி, “இந்தப் பூ இன்னும் பெருசா கெடைக்குமா?” என்று கேட்டார். பல மாதங்களில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது. கிடைக்கும் என்றேன். அவர் போன பிறகு வெகுநேரம் அழுதேன். அண்ணி கண்டுகொள்ளவில்லை. அடுத்த அச்சை என் முன்னால் வைத்தார்.

இப்போது வார்ப்பு வேலை முழுக்க என்னுடையது. மேசைக் கால்களை அண்ணன் என் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்திருக்கிறார். மேலே ஏறிப் பொருத்துவது அவர்கள் இருவரும். வார்த்த பூ வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கூரைக்குப் போகும் என்பதும், அதை ஒட்டும் மாவும் சீக்கிரமே இறுகிவிடும் என்பதும் வேலை பழகிய பிறகே எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

சில நாட்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், “சீலிங் போட்டா எப்பம்மா ரூமுக்குள்ள படுக்கலாம்?” என்றார்.

“மறுநாளே படுக்கலாம்ண்ணே,” என்றேன்.

எதிரே ஒட்டுவதற்கான மாவைக் கலக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.