சீனாவுக்குப் போன கந்தரைத் தேடிய புதன்கிழமைகள்

என் மாமனார் என் கடைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். லண்டன் டூட்டிங்கில் அது ஆகக் கூட்டமான நேரம். மீன் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, ஒரு பழுப்புக் கடித உறையை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்றார். அவருடைய மகளை நான் கட்டி அப்போது ஒன்பது வருடம். அவர் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறிய கிறிஸ்தவ வேதக்காரர். நான் ஆறாம் வகுப்போடு நின்ற சைவக்காரன். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. எண்பதுகளின் நடுவில் ஊரில் இருக்க ஏலாமல் லண்டனுக்கு வந்து என் வீட்டில் தங்கிய பிறகும், என்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லித்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் தன் முறை வரும்வரை காத்திருந்து, "உம்மாலை எனக்கு ஒரு காரியம் ஆகவேணும்" என்றார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவர் அதைச் சொன்னது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

காரியம் இதுதான். அவருடைய அப்பப்பா கந்தர், ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டுகிற வேலை பார்த்தவர். ஒரு நாள் மனைவியிடம், "சீனத்துக்குப் போறன், மூண்டு வருசத்திலை வாறன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். திரும்பி வரவில்லை, சீனத்துக்கு அவருடைய பேருக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? சீனாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, மலாயாவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று கதை கட்டிவிட்டது. பிறகு மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வேதத்தில் சேர்ந்து ஆளானார், பேரன் அதிபரானார், கதை மட்டும் சாகவில்லை. லண்டனுக்கு வடக்கே எட்மண்டனில் இருந்த மாமாவின் சொந்த அக்காவே அதைத்தான் நம்பினார். "சீனாவாம், ஊழியமாம்! ஓடினவருக்கு வெள்ளையடிக்கிறான் என்ரை தம்பி" என்று ரெலிபோனில் சிரிப்பார். மாமாவுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அதுவும் போவதற்கு முன் அப்பப்பா ஓடிப்போனவரா, ஊழியத்துக்குப் போனவரா என்பதைத் தன் கண்ணால் வாசித்துவிட வேண்டும் என்று நின்றார்.

மிஷனின் பழைய பதிவுகள் லண்டன் நடுவில் ஒரு நூலகத்தில் இருந்தன. அவர் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதியும் நேரில் போயும் பார்த்திருந்தார். கந்தர் என்று ஒருவரைச் சீனாவுக்கு அனுப்பியதாகப் பதிவு இல்லை என்ற பதில்கள்தான் அந்தப் பழுப்பு உறைக்குள் இருந்தன.

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே, மாமா."

"கண் தெரியுந்தானே?" என்றார்.

புதன்கிழமைகளில் கடைக்குச் சாமான் வருவதில்லை. மனைவியைக் கடையில் விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ரெயின் ஏறினேன். முதல் இரண்டு புதனும் வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது தரம் திரும்பி வரும்போது நான் வாயைத் திறந்தேன். "மாமா, நான் வந்த புதிசிலை ரெண்டு வருசம் பெற்றோல் ஷெட்டிலை இன்னொருத்தன்ரை பேரிலைதான் வேலை செய்தனான். அந்தக் கொப்பியளிலை தேடினால் நான் லண்டனுக்கே வரேல்லை. உங்கட அப்பப்பாவுக்கும் வேறை பேர் இருந்திருக்குமோ?"

"என்ரை அப்பப்பா உம்மைப் போலக் கள்ளப் பேரிலை திரிஞ்சவரோ?" என்று சீறினார். வீட்டு வாசலில் பூட்டுக்குள் திறப்பை நான் போடும்போதுதான் என் கையைப் பிடித்தார். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறுகிற ஊர் ஆட்களுக்கு, மிஷனுக்கு உதவி செய்த சீமைக்காரரின் பெயரை அப்படியே முழுதாக வைக்கும் வழக்கம் இருந்தது. அதிபராக இருந்தவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் கந்தர் சைவக்காரனாகவே போனவர் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். "வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரியிலையே வேதத்திலை சேர்ந்திருந்தால்?" என்று என்னையே கேட்டார். படித்த மனிதருக்கு இரண்டு வருடமாகத் தோன்றாதது பெற்றோல் அடித்தவனுக்குத் தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த புதன் பதிவேடுகளுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அம்மாவிடம் நானே போய் நின்றேன். பெயர் இல்லாமல் எப்படித் தேடுவது என்று அவர் கேட்டார். "நோ நேம், மேடம். பிளேஸ்" என்றேன். இங்கிலீசு வாசிக்கத் தெரியாவிட்டாலும் யாழ்ப்பாணம் என்ற சொல் இங்கிலீசில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் போட்ட ஒவ்வொரு வான்கடிதத்திலும் என் கையால் எழுதிய சொல் அது. யார் கையெழுத்தில் கிடந்தாலும் அதன் முதுகும் வாலும் எனக்குப் பிடிபடும். சீனாவுக்குப் போனவர்களின் ஏடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பஞ்சுத் தலையணையில் வைப்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். நான் தாளைப் புரட்டுவேன், மாமா பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் காத்திருப்பார். ஒரு தரம், இங்கிலீசில் அதே எழுத்தில் தொடங்கும் ஜப்பானை யாழ்ப்பாணமென்று பிடித்துக் காட்டிவிட்டேன். "அது வேறை தேசம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணினியில் தட்டினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுமே என்று பேரப்பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள். தட்டட்டும். அதுவும் முதலில் பெயரைத்தான் கேட்கும்.

பதினோராவது புதன் அந்தச் சொல் வந்தது. இரண்டு தரம் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவருடைய முழங்கையைத் தட்டினேன். பூதக்கண்ணாடி தாளில் இறங்கியது. வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவே இன்னொரு வெள்ளைக்காரப் பெயராக ஜோசப் பென்டன் என்று இருந்தது. பக்கத்தில் யாழ்ப்பாணம், எங்கள் ஊர்ப் பெயர், தகப்பன் பெயராகக் கந்தருடைய தகப்பனின் அதே ஆறுமுகம். மாமா இரண்டு வருடமாகக் கடந்துபோன பெயர் அது.

அந்த அம்மா தானாகவே உள்ளே போய், சீனாவில் இருந்த டாக்குத்தர் மிஷனுக்கு எழுதிய கடிதமொன்றைத் தேடி எடுத்து வந்தார். மாமா அதை மெல்ல வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். ஒன்பது விரல்களோடு பத்து விரல்காரரைவிட வேகமாகக் கட்டுப் போடுகிற எங்கள் சகோதரர் பென்டன், காய்ச்சல்காரரைப் பார்த்துப் பார்த்து அதே காய்ச்சலில் இறந்துபோனார். ஆற்றங்கரையில் அடக்கம் செய்தோம். வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசிலை கத்தி பட்டு அப்பப்பாவின்ரை சுண்டுவிரல் போனது. அப்பா சொல்லியிருக்கிறார்" என்றார் மாமா. பிறகு பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். "கந்தருக்கு எண்டு போன கடிதத்தை அங்கை ஆர் பென்டனிட்டைக் குடுக்கிறது?"

அன்று பின்னேரமே எட்மண்டனுக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார். முழுவதையும் சொல்லி முடித்தார். மற்றப் பக்கத்தில் அவருடைய அக்கா, எங்கள் மாமி, இந்தத் தரம் சிரிக்கவில்லை. அவர்களுடைய அப்பாச்சி சாகும்வரை பொட்டை அழிக்காதவர். புருஷன் மலாயாவில் உயிரோடு இருக்கிறான் என்று நாள்தோறும் திட்டித் திட்டியே பொட்டு வைத்தவர். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படியாக மாமி சொன்னார்: "அப்ப ஆச்சி திட்டின திட்டெல்லாம் செத்த மனுசனுக்கே, தம்பி?"

"ஓம் அக்கா."

தேவாலயத்தில் அவருக்காக ஒரு ஆராதனை வைக்க மாமா ஏற்பாடு செய்தார். பதிவில் உள்ள பெயரைத்தானே வாசிக்க வேண்டும் என்று போதகர் கேட்டார். மாமா அசையவில்லை. "பென்டனை அடக்கம் பண்ணிச் செபம் சொல்லிப்போட்டினம், ஐயா. கந்தருக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. கந்தர் எண்டே வாசியுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மாமி எட்மண்டனிலிருந்து வெள்ளைச் சேலையில் வந்து முன்வரிசை வாங்கில் இருந்தார். போதகர், ஆறுமுகம் மகன் கந்தர் என்று வாசித்ததும், வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, "என்ரை அப்பு, உன்னை எத்தினை பேச்சுப் பேசினம்" என்று நெஞ்சில் அடித்து ஊரில் செத்த வீட்டில் அழுவதுபோல அழுதார். தேவாலயத்தில் யாரும் இருமினாலே முறைக்கிற மாமா அவரை அடக்கவில்லை. போதகரைப் பார்த்துக் கையை உயர்த்தி, அவர் அழுது முடியும்வரை பொறுக்கச் சொன்னார்.