மூன்று வரிசையும் ஒரு குடம் தண்ணீரும்

வாணியம்பாடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கொஞ்ச காலம் மூட்டை கட்டினேன். எடைக்கு வந்த புத்தகங்களில் அட்டை போன ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து ரோமாபுரிக் காலாட்படை எப்படி நின்றது, எப்படிச் சண்டை போட்டது என்று படம் போட்டு விளக்கிய புத்தகம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அதுவே மேல்படிப்பு. படை தோற்ற பக்கங்களைக் கரையான் தின்றிருந்ததால், அவர்கள் தோற்றதே இல்லை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கோடையில் மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் புளி உலுக்கப் போனேன். ஒரு அக்காவின் கொட்டகையில் படுக்கை, கூலியோடு சாமைச் சோறு. அவர் கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். நிலம், இரண்டு உழவு மாடு, எங்களைப் போன்ற கூலிக்காரர்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு.

புளி ஓடு உடைக்கும்போது ரோமாபுரிக் கதை சொல்வேன். முதல் வரிசையில் இளவட்டங்கள், அடுத்ததில் சண்டை பார்த்தவர்கள், கடைசியில் ஒரு முழங்காலை ஊன்றி ஈட்டியோடு காத்திருக்கும் வயதானவர்கள். நடுநடுவே இடைவெளி இருக்கும். முன்வரிசை களைத்தால் அதன் வழியாகப் பின்னால் வரும். அடுத்த வரிசை முன்னால் போகும்.

"மூணாவது வரிசைதான் நல்ல வேலை. நமக்கு அதுல எடம் வாங்கிக் குடுடா," என்றார் அக்கா. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ரோமாபுரி.

ஒரு நாள் காலை, கீழ்ச்சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. காற்று மேட்டைப் பார்த்து அடித்தது. கொல்லை ஓரத்தில் அக்காவின் வைக்கோல்போர். மழை வரும்வரை மாடுகளுக்கு அதுதான் தீனி. அது போனால் மாடுகளைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

நாங்கள் பன்னிரண்டு பேர். கையில் தீயை அடித்து அணைக்கப் பச்சைத் தழைக்கிளைகள். நான் பாறைமேல் ஏறி மூன்று வரிசையாகப் பிரித்தேன். புத்தகத்தில் கேடயங்கள் ஒட்டி நின்ற படம் நினைவில் இருந்ததால், தோளோடு தோள் இடிக்க நிறுத்தினேன். இறங்கி முன்வரிசை ஓரமாக நின்றேன். முதல் வீச்சிலேயே பக்கத்து ஆளின் கிளை என் காதில் விழுந்தது.

"தள்ளித் தள்ளி நில்லுங்க! தீய அடிக்கச் சொன்னா ஆள அடிக்க வெக்கிறான் ரோமாபுரி!" என்று அக்கா கத்தினார்.

வாள் வீச ஆளுக்கு ஆள் இடம் வேண்டும் என்று அதே புத்தகத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தள்ளி நின்றதும் தீ கொஞ்சம் அடங்கியது.

அடுத்தது வரிசை மாற்றம். மினி பஸ்ஸில் கிளீனராக இருந்தபோது வாங்கிய விசில் இடுப்பில் இருந்தது. மூன்றாம் வரிசைக்குப் போய் ஊதினேன். முன்வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. அங்கே அக்காவின் கொழுந்தனாரும் அவருடைய பங்காளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு கிடையாது. புகையில் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

"அவன் மொதல்ல போவட்டும்."

"நான் இன்னா, தீக்குப் பயந்தவனா?"

புருவம் கருகியும் இருவரும் அசையவில்லை. பின்வரிசை களைப்பே இல்லாமல் வேடிக்கை பார்த்தது. தீ வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வைக்கோல்போரை நெருங்கியது. நான் விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன்.

அக்கா கிளையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். இடுப்பில் குடம், கையில் ஒரு சொம்போடு வந்து வரிசைகளுக்குப் பின்னால் நின்றார்.

"தண்ணி! மொதல்ல வர்றவங்களுக்குத்தான். அப்பறம் வந்தா கொடம் காலி!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பின்வாங்குவதுதான் அவமானம், தண்ணீர் குடிக்கப் போவதில் என்ன அவமானம்? முன்வரிசை இடைவெளி வழியாகக் குடத்துக்கு வந்தது, அடுத்த வரிசை வலப்பக்கம் பாய்ந்தது. அவர்கள் களைத்ததும் அக்கா மறுபடி "தண்ணி!" என்றார். மூன்றாம் வரிசையில் நானும் இரண்டு பெரியவர்களும் முறைப்படி முழங்கால் ஊன்றியிருந்தோம்.

"எந்திரிடா, முட்டி சுடுது," என்றார் ஒருவர். எழுந்து நாங்களும் அடித்தோம்.

உச்சிவேளைக்குள் தீ அணைந்தது. வைக்கோல்போரில் ஒரு பக்கம் கருகியதோடு சரி. என் ரப்பர் செருப்பு உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. அக்கா மீதித் தண்ணீரை என் காலில் ஊற்றினார்.

"உங்க ரோமாபுரில தண்ணி குடுக்க ஆளு இருந்தாங்களா?"

"அந்தப் பக்கம் கரையான் தின்னிருக்கும்க்கா."

மாடுகள் புகை நாற்றமடித்த வைக்கோலை இரண்டு நாள் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. அக்கா அவற்றையும் ரோமாபுரி என்று திட்டினார். மூன்றாம் நாள் தின்றன.