செம்பட்டி பஸ்ஸில் ஸ்காட்லாந்து மழை

இன்று செம்பட்டி பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் எடுத்த சிற்றிதழைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஸ்காட்லாந்தின் இன்றைய கவிஞர்கள், பள்ளியில் பேசியதற்காக அடி வாங்கிய அதே வீட்டுப் பேச்சிலேயே கவிதை எழுதுகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. நானோ, எட்டாவதோடு நின்றவள் என்ற கூச்சத்தில், தோழிகள் நாம் ஏழு பேரும் மாற்றி மாற்றி எழுதும் இந்த நோட்டில் என் பக்கத்தை இருமுறை காலியாக விட்டவள்.

பக்கத்து சீட்டில் தக்காளிக் கூடையோடு இருந்த அக்கா, "செத்த சத்தமாப் படி தாயி" என்றார்.

ஒரு தாய் மகனை அழைக்கும் கவிதை. தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்தபடியே வாசித்தேன்: "மழை பொழிகின்றது, இல்லம் திரும்புவாய் மகனே."

"பெத்தவ இப்படியா கூப்பிடுவா? கல்யாணப் பத்திரிகை மாதிரில்ல இருக்கு."

உண்மைதான். வீட்டுப் பேச்சை, மொழிபெயர்த்தவர் புத்தகத் தமிழாக்கிவிட்டார். மெல்லச் சொன்னேன்: "ஏலே, மழை வருது, வீட்டுக்கு வாடா."

"இப்பத்தான் அந்த ஊர்லயும் மழை பெய்யுது" என்றார்.

முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். வெட்கத்தில் என் நிறுத்தத்துக்கு வெகு முன்பே எழுந்து நின்றுகொண்டேன்.

இதைப் படித்துப் பார்த்தால், நானும் அதே புத்தகத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் என் கவிதை, அம்மா பேசுகிற மாதிரியே. சிரிக்கிறவர்கள் ஓரத்தில் பெயர் போட்டுச் சிரியுங்கள்.