அப்பாவின் கால்மாடு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சை ஏலக்காய் சூட்டில் வாடும் வாசம் எங்காவது வந்தால் இன்றும் எனக்கு அப்பாவின் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. போடிக்கு மேலே, மலை உச்சியை ஒட்டிய ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் வாட்டும் "ஸ்டோரில்" அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. இரண்டு காதும் மந்தம். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

எனக்குப் பத்து வயதானபோது, ஆடி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் அவர் போய்விட்டார். வாரக்கணக்கில் வெயிலே இல்லாத மூடுபனி. நீட்டிய கை தெரியாது. எங்கள் கிறிஸ்தவக் கல்லறைகளில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் இருக்கும்படி வைப்பார்கள். எக்காளம் ஊத ஆண்டவர் திரும்பி வரும் நாளில் கல்லறையிலிருந்து எழுந்து நிற்கிறவர்கள், கிழக்கே தோன்றும் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது நம்பிக்கை. போடிப் பள்ளம் இருக்கும் பக்கம்தான் எங்களுக்குக் கிழக்கு. அன்று பள்ளமும் தெரியவில்லை, பார்த்துக்கொள்ள வேறு கல்லறையும் இல்லை. எஸ்டேட்டில் கல்லறைக்கென்று புதிதாக ஒதுக்கிய மேட்டில் அப்பாதான் முதல் ஆள். குழி வெட்டிய செல்வராசு மாமா, அம்மாவின் தம்பி, இதுதான் கிழக்கு என்று ஒரு பக்கத்தைக் கைகாட்டினார். ஜெபம் பண்ண ஜீப்பில் வந்த உபதேசியாரும் அதையே நம்பினார்.

மூன்றாம் நாள் காலையில் பனி விலகியிருந்தது. மாமாவோடும் உபதேசியாரோடும் நாங்கள் பூ வைக்கப் போனோம். அப்பாவின் தலைமாட்டில் நட்ட சிலுவைக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பூவை வைக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

"அடப் பாவி, மாத்தி வச்சுட்டியேடா!" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆண்டவரு வர்றப்ப அவுக மட்டும் முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாகளே. காதும் கேக்காது. எக்காளம் ஊதுனா மட்டும் திரும்பவா போறாக?"

"மூணு தடவ ஊதச் சொல்லுவோம், விடுக்கா," என்றார் மாமா. சிரிக்கவைக்கப் பார்த்தவர் தானே அழுதுவிட்டார்.

"வச்ச ஒடம்பத் தோண்டக் கூடாதும்மா. வர்றவருக்கு ஆளத் தெரியாதா?" என்றார் உபதேசியார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, காயெடுக்கப் போன இடத்திலும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாளாம். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அந்த மேட்டுக்கு நடந்து, அப்பாவின் கால்மாட்டுக்கு அப்பால் ஆறடி அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டாள்.

"இது எனக்கு. என்னைய முறைப்படி கெழக்க பாத்தே வைங்க. எந்திரிச்சா அவுக மூஞ்சி எனக்கு நேரா இருக்கும். தோளப் பிடிச்சுத் திருப்பி விட்டுர்றேன்."

அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

நான் பள்ளியை விட்டு வேலைக்குப் போனேன். பின்னால் போடிக்கே இறங்கி வந்துவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஜீப் ஏறிப்போய் அந்த ஆறடியில் களை பிடுங்குவாள். அங்கே யாராவது குழி வெட்டப் பார்த்தால், "அங்கிட்டு வெட்டுங்கப்பு, இங்க ஆளு வருது" என்பாள்.

அந்த ஆள் போன மாதம் வந்து சேர்ந்தாள்.

அன்றும் அதே பனி. செல்வராசு மாமா இல்லை, நாங்கள் குடியிருந்த லயங்கள் இல்லை, தகரக் கூரைக் கோயில் இருந்த இடத்தில் ஏலச்செடி நிற்கிறது. அம்மா நட்ட நாலு கல் மட்டும் அப்படியே இருந்தன. என் மகள் செல்போனில் திசை பார்த்துச் சொன்னாள்.

"காலுக்குக் காலா வைக்கிறது முறையில்லண்ணே, வரிசையில வைப்போம்," என்றார்கள் குழி வெட்ட வந்தவர்கள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்று திறந்தேன். "எங்கம்மாவுக்கு அங்க ஒரு சோலி இருக்கு. கல்லு நட்ட எடத்துலயே வைங்க."

என்ன சோலி என்று கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். எக்காளம் அப்பாவுக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எதிரில் அம்மா இருக்கிறாள்.

போடி, நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை.