அந்த வரவேற்புரையை எழுதியவன் நான்

'கே' (gay) என்றால் குதூகலம். 'இன்டர்கோர்ஸ்' என்றால் மனிதரோடு மனிதர் பேசிப் பழகுவது. நான் கற்ற ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது. இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்று.

ஓய்வுபெற்ற பிறகும், கல்முனையில் நான் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலைக்கு அடிக்கடி போய்வருவேன். ஆங்கில தினத்துக்கு ஒரு வரவேற்புரை எழுதித் தரும்படி அதிபர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வாசிக்க வேண்டியவர் புதிதாக வந்திருந்த ஆங்கில ஆசிரியை, பக்கத்து மருதமுனை ஊர்ப் பிள்ளை. விழா அன்று காலையில்தான் தாள் அவர் கைக்குப் போனது. இரண்டு சொற்களில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சேர், இதுகள இப்ப வேற மாதிரித்தான் எடுப்பாங்க. மாத்தட்டா?"

"அகராதியப் பாருங்க மகள். நான் எழுதினா எழுதினதுதான்."

வாசித்தார். கூட்டத்தை 'கே' என்று வாழ்த்திய இடத்தில் உயர்தர வகுப்பு வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. கற்றவர்களோடு நம் மாணவர்களுக்கு இன்டர்கோர்ஸ் பெருக வேண்டும் என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. பின்னேரத்துக்குள் அந்தக் காட்சி ஊரிலுள்ள தொலைபேசிகளிலெல்லாம் ஓடியது.

மறுநாள் பெற்றோர் சிலரும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவரும் அதிபர் அறைக்கு வந்தார்கள். ஆசிரியையைக் கூப்பிட்டார்கள். மூத்தவர் என்று என்னையும் அழைத்து உட்காரவைத்தார்கள்.

"இதையா டீச்சர் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க?" என்று மரைக்கார் கேட்டார்.

அதிபர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். ஆசிரியையும் என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அந்தப் பாடசாலைத் தவணை முடியும்போது அவர் இடமாற்றம் கேட்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். அங்கே போகிற பஸ்ஸிலும் பையன்கள் அந்தச் சொற்களாலேயே அவரைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருடம் ஹஜ்ஜுக்கு என் பெயர் வந்தது. புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்பது எங்கள் வழக்கம். கேட்டவுடன் மன்னித்துப் பொருந்திவிடுவார்கள், என்ன பிழை என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தச் சுலபத்தை நம்பித்தான் மருதமுனையில் அவர் வீட்டுக்கும் போனேன்.

"எதுக்குப் பொருந்தணும் சேர்?" என்றார்.

"தெரியும்தானே மகள்."

"தெரியும். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"வீட்டுக்குள்ள நல்லாத்தான் கதைக்கிறீங்க. நான் நிண்டது மைக்குக்கு முன்னால."

அடுத்த கிழமை பாடசாலை மண்டபத்தில் எனக்கு ஹஜ் வழியனுப்பு விழா. அதிபரும் மரைக்காரும் மேடையில் இருந்தார்கள். என் முறை வந்ததும் சொன்னேன்: "ஆங்கில தினத்தில் டீச்சர் வாசித்த உரையை எழுதியவன் நான். இரண்டு சொற்களை மாற்றலாம் என்று அவர் சொன்னார், நான் விடவில்லை. அவரை விசாரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்."

"அந்தச் சொல்லுகளையும் ஒருக்காச் சொல்லுங்க சேர்," என்றது பின்வரிசைக் குரல்.

இரண்டையும் சொன்னேன், உச்சரிப்புப் பிசகாமல். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். "தமிழ் சேர் இலக்கண வகுப்பில் புணர்ச்சி என்று கரும்பலகை நிறைய எழுதுகிறார். அவரை யாரும் அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்தச் சொற்களை நான் விடமாட்டேன். வெட்கம் அவற்றுக்கு இல்லை, எனக்குத்தான். அதிபருக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும்."

மரைக்கார் எழுந்து போனார். போகட்டும்.

அன்று பின்னேரம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். மண்டபத்தில் இருந்த யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எழுதினதுக்குப் பொருந்திட்டன் சேர். பக்கத்தில வாய மூடிட்டு இருந்ததுக்கு இன்னும் மனசு வரல்ல. வந்தாச் சொல்லுறன்."

"ஓம் மகள்," என்றேன்.

பயணத்துக்கு முன் இன்னொரு தடவை போய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்கிறான் என் மகன். போகமாட்டேன். அவருக்கு வராத மனதை என் பயணத்துக்காக வரவழைக்க எனக்கு உரிமையில்லை. பாதிப் பொருத்தத்தோடு போகிறேன். மிச்சம் அவருடையது.